படையல் வாங்கியவன்

மேல்பட்டாம்பாக்கத்தில் பஸ்ஸை விட்டு இறங்கியபோது உச்சி வெயில் மண்டையைப் பிளந்தது. முதலில் சிங்காரம் இறங்கினான். பின்னால் துணிப்பையோடு அவன் மனைவி பொன்னி, அவளுக்குப் பின்னால் அவள் தம்பி அன்பரசு. மூன்று பேரும் ஒரு வார்த்தை பேசாமல் நடந்தார்கள். கோபதாபம் ஒன்றும் இல்லை. சண்டை போட்டுச் சலித்து, அதையும் விட்டு ரொம்ப நாளாகியிருந்தது.

அவர்கள் தேடி வந்த வீடு ஊரைத் தாண்டி ஒரு மாந்தோப்புக்குள் இருந்தது. எந்தக் காலத்திலோ வெள்ளைக்காரப் பாதிரியார் ஒருவர் தனக்காகக் கட்டிக்கொண்ட பங்களா. கனத்த சுவர், ஆள்மேல் ஆள் நின்றாலும் எட்டாத கூரை. உள்ளே கால் வைத்ததும் வெயில் பட்டென்று அறுந்தது. பினாயில் வாடை, வௌவால் வாடை, எங்கோ சோறு வடிக்கும் வாடை. குடியை விட நினைக்கிற ஆண்கள் தங்கித் தேறுவதற்காக அந்த வீட்டை ஜெயராணி என்ற அம்மாள் நடத்திக்கொண்டிருந்தார். முன்பு நர்ஸாக இருந்தவர். புருஷனைக் குடிக்குப் பறிகொடுத்தவர். வேளாவேளைக்கு மாத்திரையும் சோறும் கொடுத்து, காலையிலும் மாலையிலும் ஜெபம் பண்ணுவார். அவ்வளவுதான் அவர் வைத்தியம்.

"வாங்க தம்பி. பேரென்ன?" என்றார்.

"சிங்காரம்."

சொன்னதும் தாழ்வாரத்தில் யாரோ செருமினார்கள். தொண்டையில் தண்ணீர் ஏறியவனின் செருமல். சிங்காரம் திரும்பிப் பார்த்தான். தாழ்வாரம் காலியாகக் கிடந்தது. பழைய வீட்டில் சத்தம் சுவரில் முட்டித் திரும்பும் என்று அவனாக ஒரு சமாதானம் சொல்லிக்கொண்டான்.

அதற்கு முந்தைய வாரங்களைச் சிதம்பரத்தில் ஆஸ்பத்திரிக் கட்டிலில் கழித்தவன் அவன். சுவர் முழுக்கப் பூச்சி ஊர்கிறது என்று கத்தியவனைக் கட்டிலோடு கட்டிவைத்து மாத்திரை கொடுத்தார்கள். பூச்சிகள் போயின. பூச்சிகளோடு சேர்ந்து மற்றதெல்லாமும் போயிற்று. ஏழாவது படிக்கிற மகள் சுவேதா வந்து கட்டிலைப் பிடித்துக்கொண்டு அழுதபோது, இவள் ஏன் அழுகிறாள் என்று யோசித்தான். காரணம் தெரிந்தது. நெஞ்சில் ஒன்றும் அசையவில்லை. மரத்துப்போன காலைக் கிள்ளிப் பார்ப்பதுபோல் தன்னையே கிள்ளிப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.

பொன்னி கிளம்பும்போது பையை அவன் கையில் கொடுத்தாள். குரலை உயர்த்தவில்லை.

"இதான் கடைசி. குடிய வுட்டுட்டு வந்தன்னா நீ எம் புருஷன், அவளுக்கு அப்பன். இல்லன்னா வராத. ஒரு தடவ ஒன்னப் பொதச்சிட்டேன். பொதச்சது பொதச்சதாவே இருக்கட்டும்."

அவள் சும்மா ஒரு பேச்சுக்குச் சொல்லவில்லை. அவனை அவள் நிஜமாகவே புதைத்திருக்கிறாள்.

சுனாமி வந்த அன்று சிங்காரம் சொந்த ஊரான தேவனாம்பட்டினத்தில் இல்லை. கிறிஸ்துமஸுக்கு முதல் நாளே கூட்டாளிகளோடு புதுச்சேரி எல்லைக்குக் குடிக்கப் போனவன் அங்கேயே விழுந்து கிடந்தான். கடல் ஊருக்குள் வந்துவிட்டது, கரையில் ஒன்றும் மிச்சமில்லை என்று யாரோ சொன்னார்கள். உடனே ஓடியிருக்க வேண்டும். பெண்டாட்டி பிள்ளையைப் பிணமாகப் பார்க்கப் பயந்து, அந்தப் பயத்தின்மேல் ஊற்றினான். தெளியத் தெளிய ஊற்றினான். அவன் கோழை. அதை அவனே மறுக்கமாட்டான்.

இங்கே பொன்னி அப்போது கைக்குழந்தையாக இருந்த சுவேதாவோடு பிழைத்துக்கொண்டாள். கரையில் ஒதுங்கிய உடம்புகளில் ஒன்றைக் காட்டி, இது உன் புருஷன்தானா பார் என்றார்கள். முகம் என்று பார்க்க ஏதும் இல்லை. நீலக் கைலி, இடுப்பில் சிவப்பு அரைஞாண் கயிறு. இரண்டும் சிங்காரத்துடையது மாதிரி இருந்தன. கரையில் பாதிப் பேர் நீலக் கைலிதான் கட்டுவார்கள் என்று அந்த நேரத்தில் யாருக்குத் தோன்றும்? தலையை ஆட்டினாள். சவுக்குத் தோப்புக்கு அப்பால் பொக்லைன் தோண்டிய குழியில், பிளீச்சிங் பவுடர் தூவி, வரிசையோடு வரிசையாகப் புதைத்தார்கள்.

கருமாதி அன்று படையல் வைத்தார்கள். செத்தவனுக்கு உயிரோடு இருந்தபோது எது பிடிக்குமோ அதை வைக்க வேண்டும் என்பது முறை. சிங்காரத்துக்கு எது பிடிக்கும் என்பதில் ஊருக்கே சந்தேகம் இல்லை. வஞ்சிரக் குழம்பு, பீடிக்கட்டு, நடுவில் பிராந்தி குவார்ட்டர். பொன்னி மூன்று தடவை பேர் சொல்லிக் கூப்பிட்டாள். 'சிங்காரம், வாய்யா. வந்து தின்னுட்டு, குடிச்சிட்டுப் போய்யா.'

பொங்கல் கழிந்து சிங்காரம் நடந்தே ஊருக்கு வந்தான். பொன்னியின் வெறுங்கழுத்தைப் பார்த்து அவன் அலறினான். அவனைப் பார்த்து ஊர் அலறியது. பிறகு பெரியவர்கள் கூடிப் பேசி, மஞ்சள் தண்ணீர் ஊற்றி, கரையோரத்து அம்மன் கோயிலில் மறுபடியும் தாலி கட்ட வைத்தார்கள். எல்லாருக்கும் கேசரி கொடுத்தார்கள். உயிரோடு வந்தவனுக்குச் செய்ய வேண்டியதையெல்லாம் ஒன்று விடாமல் செய்தார்கள்.

குழிக்குள் கிடந்தவனைப் பற்றி ஒருவரும் நினைக்கவில்லை. நீ சிங்காரம் இல்லையப்பா, தெரியாமல் கூப்பிட்டுவிட்டோம் என்று அவனிடம் போய்ச் சொல்ல யாருக்கும் தோன்றவில்லை.

பங்களாவில் விடிந்ததும் கூட்டம். கூடத்தில் நாற்காலிகளை வட்டமாகப் போட்டு உட்காருவார்கள். ஒவ்வொருவராக எழுந்து பேர் சொல்லி, நான் குடிநோயாளி, இன்றைக்குக் குடிக்கமாட்டேன் என்று சொல்ல வேண்டும். சொல்லச் சொல்ல மனசில் உறைக்கும் என்பது ஜெயராணியின் நம்பிக்கை. சிங்காரத்தின் முறை வந்தது. எழுந்தான்.

"என் பேரு சிங்காரம். நான் குடிநோயாளி."

"என் பேரு சிங்காரம்," என்றது முதுகுக்குப் பின்னால் ஒரு குரல்.

நனைந்த குரல். வாயில் மணலை வைத்துக்கொண்டு பேசுகிற குரல்.

பிளீச்சிங் பவுடர் வாடை குப்பென்று மூக்கில் ஏறியது. பயப்பட வேண்டும் என்று சிங்காரத்துக்குத் தெரிந்தது. பயம் எங்கே இருக்கிறது என்று உள்ளே தேடிப் பார்த்தான். கிடைக்கவில்லை. மாத்திரை அதையும் துடைத்து வைத்திருந்தது. மீதியையும் சொல்லி முடித்துவிட்டு உட்கார்ந்தான்.

சாப்பாட்டு நேரத்தில் உத்திராபதி பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். குமராட்சிக்காரர், கொள்ளிடக் கரையில் நெல் போடுகிறவர். ஒரு வெள்ளத்தில் மாடு கன்றை இழந்து குடியில் இறங்கியவர்.

"ஏன் தம்பி, எல்லாரும் ஒரு தடவ பேரு சொன்னா நீ மட்டும் ரெண்டு தடவ சொல்ற?"

சிங்காரம் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தான். அப்படியானால் தனக்கு மட்டும் கேட்கவில்லை. அது ஆறுதலா, இல்லையா என்று அவனால் முடிவுக்கு வர முடியவில்லை.

படுக்கும் அறையில் அவன் கட்டிலுக்கும் உத்திராபதி கட்டிலுக்கும் நடுவில் ஒரு கட்டில் காலியாகக் கிடந்தது. மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு எல்லாரும் கொஞ்ச நேரம் படுப்பார்கள். தோப்பில் அணில் கத்துவதும் மின்விசிறி கிறீச்சிடுவதும்தான் சத்தம். ஒருநாள் அப்படிக் கண்ணயர்ந்த நேரத்தில் சிங்காரத்தின் நாக்கில் பிராந்திச் சுவை ஊறியது. ஊறியது என்றால் நிஜமாகவே ஊறியது. கண்ணைத் திறந்தான்.

நடுக்கட்டில் காலியாக இல்லை.

ஒருவன் முதுகைக் காட்டிப் படுத்திருந்தான். நீலக் கைலியிலிருந்து தண்ணீர் சொட்டுச் சொட்டாகத் தரையில் விழுந்தது.

உப்பிப்போன இடுப்பில் அரைஞாண் கயிறு பாதி புதைந்திருந்தது.

"ஒரு வாய்," என்றது அது. "ஒரே ஒரு வாய்டா."

சிங்காரம் பார்த்துக்கொண்டே இருந்தான். கத்தலாம், எழுந்து ஓடலாம். கையும் காலும் அவன் பேச்சைக் கேட்கக்கூடியவைதான். ஆனால் எதற்கு ஓட வேண்டும் என்று தோன்றியது. தொண்டை மட்டும் காய்ந்து, அந்தச் சுவைக்காக உடம்பு முழுக்க இழுத்தது. நெல்லிக்குப்பம் ரோட்டில் கடை எங்கே இருக்கிறது என்பதை பஸ்ஸில் வரும்போதே கண் பார்த்து வைத்திருந்தது. கதவு திறந்துதான் கிடந்தது. இரண்டு தடவை எழுந்து உட்கார்ந்தான். இரண்டு தடவையும் சுவேதா கட்டிலைப் பிடித்து அழுதது ஞாபகம் வந்தது. அழுகையின் வலி தெரியவில்லை, அழுதது மட்டும் தெரிந்தது. அதைப் பிடித்துக்கொண்டு மறுபடி படுத்தான்.

சாயங்காலம் பார்த்தபோது உத்திராபதி தன் கட்டிலை அறையின் அந்தக் கோடிக்கு இழுத்துப் போட்டிருந்தார்.

"கோச்சிக்காத தம்பி," என்று காதோரம் கிசுகிசுத்தார். "அங்க படுத்திருக்கவரு குடிக்கக் கேட்டுக்கினே இருக்காரு. தண்ணி மொண்டாந்து குடுத்தா வேணாங்கறாரு."

"யாருண்ணே?"

"ஒம் பேரத்தான் சொன்னாரு."

வாரம் ஒருமுறை சிதம்பரத்திலிருந்து ஒரு டாக்டர் வருவார். சின்ன வயது, பொறுமைசாலி. சிங்காரம் சொன்னதை முழுசாகக் கேட்டார். குடியை நிறுத்தும்போது மூளை இப்படியெல்லாம் விளையாட்டுக் காட்டும், போகப் போகச் சரியாகும் என்றார்.

"உத்திராபதி அண்ணனுக்கும் கேக்குதே சார்?"

"அவரும் குடிச்சவர்தானேப்பா," என்று சிரித்துவிட்டு மாத்திரையைக் கொஞ்சம் ஜாஸ்தியாக்கினார். சிங்காரத்துக்கு இன்னும் கொஞ்சம் மரத்தது. நடுக்கட்டில் மட்டும் தினமும் நனைந்தது.

ஞாயிற்றுக்கிழமை பொன்னி வந்தாள். மாமரத்தடியில் உட்கார்ந்து தூக்குவாளியைத் திறந்து அவனுக்குச் சோறு போட்டாள். முகத்தில் ஏதோ கேள்வி இருந்தது. பாதிச் சோற்றில் கேட்டேவிட்டாள்.

"இங்கேர்ந்து வெளிய வுடறாங்களா?"

"இல்லியே. ஏன்?"

"நேத்து சாயங்காலம் நீ வந்தியாம். கோட்ரஸ் தெருமொனையில நின்னு வீட்டையே பாத்துக்கினு இருந்தியாம். சுவேதா சொன்னா. அப்பான்னு கூப்ட்டாளாம். அந்தாண்ட திரும்பிக்கினியாம்."

சிங்காரம் கையை உதறினான். சுனாமிக்குப் பிறகு அரசாங்கம் கட்டிக் கொடுத்த வீடு அது. குழியிலிருந்து கூப்பிடு தூரம். உள்ளே எங்கோ ரொம்ப ஆழத்தில் ஏதோ ஒன்று அசைந்தது. அது பயமாகத்தான் இருக்க வேண்டும். பங்களாவில் நடப்பதையெல்லாம் அவளிடம் சொன்னான்.

பொன்னி 'உளறாதே' என்று சொல்லவில்லை. முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டாள். அந்த வெயிலில் அவளுக்குக் குளிர்ந்தது.

"நான்தான கூப்ட்டேன்," என்றாள். "குடிச்சிட்டுப் போய்யான்னு. உயிரோட இருக்கையில அந்தாளு தொட்டுருப்பாரோ என்னமோ. நான் ஊத்தி, நான் பழக்கினேன். நீ குடிக்கிற வரைக்கும் ஒன்னோட சேந்து அதுவும் குடிச்சிருக்கும். இப்ப நீ நிறுத்திட்ட."

"அதுக்கு?"

"அதுக்குத் தாவம், நாக்கு வறண்டு கெடக்கு. போவ வேற எடமில்ல."

ஜெயராணியிடம் இருவரும் போய்ச் சொன்னார்கள். அவர் பைபிளை மூடி மடியில் வைத்துக்கொண்டு கேட்டார். செத்தவர்கள் நடமாடுவதில் அவருக்கு நம்பிக்கை கிடையாது.

"ஆனா ஒண்ணு. யாரோ பெத்த புள்ள அது. சொந்தபந்தம் எங்கியோ தேடியிருக்கும். அவர வேற பேரு வச்சிப் பொதச்சிட்டு அப்படியே வுட்டுட்டீங்க. மன்னிப்புக் கேட்டா நாம ஒண்ணும் கொறஞ்சிட மாட்டோம். ரெண்டு பேரும் போங்க. அய்யா, நீங்க சிங்காரம் இல்ல, நாங்க தப்பா கூப்ட்டுட்டோம்னு சொல்லுங்க. ஒரு சொம்பு தண்ணி ஊத்தி ஜெபம் பண்ணிட்டு வாங்க. ஒங்க சாமிகிட்டயே பண்ணுங்க, அவர் கேப்பாரு."

பொன்னி எழுந்துவிட்டாள்.

"என்னால முடியாதுங்க."

"ஏம்மா?"

"இவுருக்குன்னுதான் அழுதேன். ஆனா அவ்வளவு அழுகையும் வாங்கிக்கினது அவருதான? இவுரு அப்ப எங்க இருந்தாரு? நீ யாரோன்னு அவருகிட்ட எந்த வாயால சொல்லுவேன்?" அவள் கண் நிறைந்தது. சிங்காரம் அதைப் பார்த்துக்கொண்டு நின்றான். தனக்கு வலிக்க வேண்டிய இடம் இது என்று தெரிந்து, வலிக்காமல் நின்றான்.

ஆகவே அவன் மட்டும் போனான். அன்பரசு பைக்கில் கூட்டிக்கொண்டு போனான். வெயில் சாய்ந்த நேரம். சவுக்குத் தோப்பைத் தாண்டியதும் அன்பரசு வண்டியை நிறுத்திவிட்டான்.

"மாமா, நான் இங்கயே நிக்கிறேன். சீக்கிரமா முடிச்சிட்டு வாங்க."

"சரி மச்சான்."

மணல்மேட்டில் அடும்பங்கொடி படர்ந்து ஊதாப்பூ பூத்திருந்தது. கடல் அன்று சாதுவாக இருந்தது. எந்த இடத்தில் அந்த ஆள் கிடக்கிறான் என்று அடையாளம் கிடையாது. சிங்காரம் ஒரு குத்துமதிப்பாக மண்டிபோட்டு, கொண்டுவந்த தண்ணீர் பாட்டிலைச் சாய்த்தான்.

காற்று நின்றது. சவுக்கு மரங்களின் இரைச்சலும் நின்றது.

மணலுக்கு அடியில் மடக்கு மடக்கென்று விழுங்கும் சத்தம் கேட்டது.

பாட்டில் காலியாகியும் சத்தம் நிற்கவில்லை.

"அய்யா," என்றான் சிங்காரம். "நீங்க..."

நீங்கள் சிங்காரம் இல்லை என்று சொல்லத்தான் வந்தான். வாய் வரை வந்ததை வெளியே விட முடியவில்லை. அந்த ஆளைப் பற்றி அவன் முதன்முறையாக நினைத்துப் பார்த்தான். பெற்றவள் வைத்த பேர் கடலோடு போயிற்று. முகம் போயிற்று. ஊர் போயிற்று. மிச்சம் இருப்பது பொன்னி கூப்பிட்ட இந்த ஒரு பேர்தான். அதையும் வந்து பிடுங்கினால் இவனுக்கு என்ன இருக்கும்? தனக்கோ அந்தப் பேரால் என்ன லாபம்? குடிகாரச் சிங்காரம் என்று தெருப் பிள்ளைகள் கத்திக் கல்லெறிந்த பேர். பேர்தானே என்று தோன்றியது. மரத்த மனசுக்கு எதையும் தூக்கிக் கொடுப்பது சுலபம்.

"பேர நீயே வச்சிக்க," என்றான். "எனக்கு வேணாம். இந்தத் தாகத்த மட்டும் என்கிட்டேர்ந்து எடுத்துக்கோ."

விழுங்கும் சத்தம் நின்றது.

காதுக்கு ரொம்பப் பக்கத்தில், ஈரமில்லாமல், மணலில்லாமல், தெளிவாக ஒரு குரல் கேட்டது.

"சரி."

அப்போதே தொண்டை குளிர்ந்தது. நாக்கில் ஒட்டிக்கொண்டிருந்த சுவை போயிற்று. எத்தனையோ வருஷமாக உள்ளே இழுத்துக்கொண்டிருந்த கயிற்றை யாரோ அவிழ்த்துவிட்டார்கள். திரும்பி வந்தபோது அன்பரசு பைக்கில் சாய்ந்து நின்று தோப்பைப் பார்த்துக்கொண்டிருந்தான். "போலாம் மச்சான்" என்று இவன் தோளைத் தொட்டதும் தூக்கிவாரிப்போட்டது அவனுக்கு. யார் என்று அடையாளம் தெரிவதற்கு ஒரு நொடி பிடித்தது.

மறுநாள் கூட்டத்தில் தன் முறை வந்தபோது எழுந்தான். பேரைச் சொல்ல வாயெடுத்தால் வரவில்லை. மறந்துபோகவில்லை, நன்றாகத் தெரிகிறது. நாக்குதான் அதைத் தூக்க மறுத்தது. "நான் குடிநோயாளி. இன்னிக்குக் குடிக்கமாட்டேன்," என்று மட்டும் சொல்லி உட்கார்ந்தான். யாரும் குறை சொல்லவில்லை.

உத்திராபதி சந்தோஷமாகத் தோளைத் தட்டினார். "இப்பதான் சரியா ஒரே தடவ பேரு சொன்ன." அந்த ஒரு தடவையும் சொன்னது அவன் இல்லை.

நடுக்கட்டில் காய்ந்துவிட்டது. பிளீச்சிங் பவுடர் வாடை போய்விட்டது. அதற்கப்புறம் வந்த நாட்கள் நல்ல நாட்கள். குடிக்க வேண்டும் என்ற எண்ணமே வரவில்லை. டாக்டர் ஆச்சரியப்பட்டு மாத்திரையைக் குறைத்தார், பிறகு இன்னும் குறைத்தார். மரத்த கால் விழித்துக்கொள்வது மாதிரி மனசு சுருக்சுருக்கென்று விழித்தது. ஒருநாள் சோற்றில் மாங்காய்த் துண்டைக் கடித்தபோது புளிப்பு கண்ணில் தண்ணீர் வரவழைத்தது. சுவேதா கட்டிலைப் பிடித்து அழுதது நினைவுக்கு வர, தோப்புக்குள் போய்த் தலையில் அடித்துக்கொண்டு அழுதான். அழ முடிந்ததில் அத்தனை ஆனந்தம். இனி நான் மனுஷன் என்று நினைத்தான்.

சின்னச் சின்னதாகச் சில நடந்தன. சமையல்காரம்மா தைலம்மாள் பந்தியில் அவனை விட்டுவிட்டு அடுத்தவருக்குச் சோறு போட்டாள். கேட்டால், "அய்யோ, ஆளு இருக்கறதே தெரியலப்பா" என்றாள். மாலை ஜெபத்தில் ஜெயராணி ஒவ்வொருவர் பேராகச் சொல்லிக்கொண்டு வந்து, அவனிடம் வந்ததும் தடுமாறி, "ஆண்டவரே, இந்தச் சகோதரனையும்" என்று முடித்தார். பொன்னி இரண்டு ஞாயிற்றுக்கிழமையாக வரவில்லை. வேலை ஜாஸ்தியாக இருக்கும் என்று நினைத்துக்கொண்டான். மனசு சரியாகிவிட்ட சந்தோஷத்தில் எதுவும் பெரிதாகத் தெரியவில்லை.

வீட்டுக்குப் போகலாம் என்று ஜெயராணி சொன்ன அன்று, தலைக்குக் குளித்து, வெள்ளை வேட்டி கட்டி, கடலூர் பஸ் ஏறினான். வழியில் சாராய வாடை வீசிய இடத்தில் மூக்கைப் பொத்திக்கொண்டான். பொன்னிக்குக் கனகாம்பரமும் சுவேதாவுக்கு ஜாமெட்ரி பாக்ஸும் வாங்கினான். தேவனாம்பட்டினத்தில் இறங்கியபோது வீடுகளில் விளக்கு வைக்கத் தொடங்கியிருந்தார்கள். தெருவில் தெரிந்த முகங்கள் வந்தன. சிரித்தான். அவர்கள் வெளியூர்க்காரனைப் பார்ப்பதுபோல் பார்த்துவிட்டுப் போனார்கள். இருக்கட்டும், நம்புவதற்கு நாளாகும் என்று நினைத்தான்.

தன் வீட்டு வாசலில் நின்றான். உள்ளேயிருந்து மீன் வறுக்கும் வாசனை வந்தது. பொன்னி சிரிக்கும் சத்தம் வந்தது. அவள் வாய்விட்டுச் சிரித்துக் கேட்டு எத்தனையோ வருஷமாயிற்று. அவனுக்கும் சிரிப்பு வந்தது.

"சுவேதா," என்று கூப்பிட்டான்.

அவள் ஓடிவந்தாள். வாசலில் நின்று அவனை மேலும் கீழும் பார்த்தாள். மரியாதையாகக் கேட்டாள்.

"யாரு வேணும்?"

"அப்பாம்மா. நான்தான்..." பேரைச் சொல்ல முயன்றான். வாய் திறந்தது, மூடியது.

அவள் உள்ளே திரும்பினாள்.

"அப்பா, யாரோ வந்திருக்காங்கப்பா."

விளக்கு வெளிச்சத்தில் ஒருவன் முதுகைக் காட்டி உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தான். சிங்காரத்தின் சட்டை அவன் உடம்பில் கச்சிதமாக இருந்தது. தலையைத் திருப்பவில்லை. சிங்காரத்தின் குரலிலேயே, அலுப்பும் இரக்கமுமாகச் சொன்னான்.

"எவனாச்சும் குடிகாரனா இருக்கும். கதவச் சாத்திட்டு வாம்மா."

பொன்னி எழுந்து வந்தாள். நிலையில் கைவைத்து நின்று வாசலில் நின்றவனைப் பார்த்தாள். சுவேதாவுக்குத் தெரியாதது அவளுக்குத் தெரிந்தது. அவள் கண்ணைப் பார்த்த கணத்திலேயே அவனுக்கு அது புரிந்துவிட்டது. உள்ளே திரும்பி, சாப்பிடுகிற அந்த முதுகைப் பார்த்தாள். பக்கத்தில் போய் ஒட்டி உட்கார்ந்து அவன் தட்டிலிருந்து மீன் எடுத்துத் தின்கிற மகளைப் பார்த்தாள்.

"பொன்னி," என்றான்.

"அவரு குடிக்கறதே இல்ல," என்றாள் அவள், மூச்சுக்குள். "வந்த நாளா தொட்டதே இல்ல."

"நானுந்தான் வுட்டுட்டேன் பொன்னி. எங்க, கிட்ட வந்து மோந்து பாரு."

அவள் அழுதாள். அழுதுகொண்டேதான் கதவைச் சாத்தினாள். தாழ்ப்பாள் விழுந்தது.

சிங்காரம் அங்கேயே நின்றான். நெஞ்சு வெடிக்கிற மாதிரி வலித்தது. இப்போது ஒரு மாத்திரை கிடைத்தால் தேவலை என்று இருந்தது. மழை பெய்து மாதக்கணக்காகியும் வாசல் சிமெண்டில் ஈரக் காலடிகள் இருந்தன. எல்லாமே வீட்டுக்குள் போகிற காலடிகள். குனிந்து ஒன்றின்மேல் தன் காலை வைத்துப் பார்த்தான். விரல் விரலாகப் பொருந்தியது.

உள்ளே யாரோ படையல் போடுகிற மாதிரி தட்டில் சோறு வைக்கும் ஓசை கேட்டது. வெளியே அவனுக்குத் தொண்டை வறண்டு, மெல்ல மெல்லத் தாகம் எடுக்கத் தொடங்கியது.